ஜன்னலோரத்து மூலை

ஞாயிற்றுக்கிழமை காலை ஹாலில் செய்தித்தாளை விரித்துப் போட்டு, பெயிண்ட் பிரஷ்ஷால் கம்ப்யூட்டர் பெட்டியின் வயிற்றைத் தூசி தட்டிக்கொண்டிருந்தார் புருஷோத்தமன். கல்யாணமாகி முப்பத்திரண்டு வருடத்தில் அவர் எதையும் தூசி தட்டிக் கல்பகம் பார்த்ததில்லை. காபியை வைத்துவிட்டு, கிடைக்காத காட்சியாயிற்றே என்று அங்கேயே நின்றாள்.

குஷாய்குடாப் பக்கத்து எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் டெஸ்டிங் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். தன் கையெழுத்து இல்லாமல் ஒரு திருகாணிகூட கேட்டைத் தாண்டியதில்லை என்பார். அவர் வீட்டுக் கம்ப்யூட்டர்தான் விஜயதசமியிலிருந்து நாலு நாளாக, ஆன் செய்தால் கம்பெனி பெயரைத் திரையில் காட்டிவிட்டு அப்படியே உறைந்து நிற்கிறது.

பேச்சு இதுதான்: பன்னிரண்டு மணிக்குள் உயிர் வந்தால் அது இருக்கும். வராவிட்டால் பழைய கம்ப்யூட்டர் வாங்கும் கடைக்காரர் பாபு வந்து எடுத்துப்போவார். ஜன்னலோரத்து மூலை கல்பகத்தின் தையல் மிஷினுக்கு. மூன்று வருடமாக அந்த மிஷின் கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவே இருட்டில் நிற்கிறது. புடவைக்கு ஃபால்ஸ் தைக்கக் கொடுக்க வந்த எதிர்வீட்டு நஸ்ரின்கூட, "கைக்கு ஆன்ட்டி, எதுக்கு இப்படி இருட்டுல கண்ணைக் கெடுத்துக்கறீங்க?" என்று உருது கலந்து கேட்டுவிட்டாள்.

புருஷோத்தமன் நோட்டில் எழுதினார்: 'சோதனை 11. ரேம் கழற்றி, ரப்பரால் தேய்த்து மாட்டப்பட்டது. பலன் இல்லை.'

"பாபுவை இப்பவே வரச் சொன்னா என்னங்க?"

"நக்கோ, வேண்டாம். ஒவ்வொண்ணா கழிச்சுக்கிட்டே வரணும். அவசரப்பட்டா கோளாறு ஓடி ஒளிஞ்சுக்கும்."

"ஓடிப் போனா நல்லதுதானே?"

அவர் திருகாணிகளை எண்ணினார்.

பதினொன்றரைக்குக் கல்பகம் கம்ப்யூட்டர் மேஜையைத் துடைக்கப் போனாள். கீபோர்டின் நீளப் பட்டை அமுங்கியபடியே இருந்தது. ஆயுத பூஜையன்று, நெற்றிபோல் நீளமாக இருக்கிறதே என்று புருஷோத்தமன் தாராளமாகச் சந்தனம் அப்பிக் குங்குமம் வைத்த பட்டை. சந்தனம் இடுக்கில் இறங்கிக் காய்ந்து கல்லாகியிருந்தது. வாசலில் ஒருவன் காலிங்பெல்லை விடாமல் அழுத்திக்கொண்டே நின்றால் வீட்டில் வேறு என்ன வேலை நடக்கும்?

வாயைத் திறக்காமல் இருந்தால் அரை மணியில் மூலை அவளுக்கு. ஆனால் கம்ப்யூட்டர் போய்விட்டால் இந்த மனிதர் பகல் முழுக்க எங்கே இருப்பார்? சமையலறையில். குக்கர் விசிலுக்கு நோட்டுப் போடுவார்.

"ஏங்க, கோளாறு எங்கன்னு எனக்குத் தெரியும்."

"உனக்கா?"

"மூலையில பாதி குடுத்தா சொல்றேன்."

"மோண்டா மார்க்கெட்னு நினைச்சியா, பேரம் பேச? முப்பத்தஞ்சு வருஷம் டெஸ்டிங்ல இருந்தவன்டி நான்."

"சரி, இருங்க. பன்னெண்டு வரைக்கும் இருங்க."

பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் பாபு போன் செய்தார், கிளம்பிவிட்டாராம். புருஷோத்தமன் நிமிர்ந்து மின்விசிறியைப் பார்த்துச் சொன்னார்: "பாதின்னா சரி."

கல்பகம் கீபோர்டின் ஒயரைப் பிடுங்கினாள். "இப்ப போடுங்க."

கம்பெனி பெயர் வந்தது, போனது. திரையில் பேத்தியின் படம் விரிந்தது. புருஷோத்தமன் முதலில் போன் செய்து பாபுவைத் திருப்பி அனுப்பினார். பிறகு நோட்டை எடுத்தார். கல்பகம் ஊக்கால் சந்தனத்தைச் சுரண்டிக்கொண்டே எட்டிப் பார்த்தாள். 'சோதனை 12. கீபோர்டில் வெளிப்பொருள் கண்டறிந்து அகற்றப்பட்டது. வெற்றி.'

"வெளிப்பொருளா? நீங்க உங்க கையால குழைச்ச சந்தனங்க!"

"டெஸ்ட் ரிப்போர்ட்ல அப்படித்தான் எழுதணும்."

"பேரு போட மாட்டாங்களோ? யாரு வெச்சா, யாரு கண்டுபிடிச்சான்னு?"

"அதுக்கு ரிப்போர்ட்ல கட்டம் கிடையாது."

கல்பகம் தையல் டேப்பைக் கொண்டுவந்து மூலையை அளந்தாள். இந்தச் சுவரிலிருந்து ஒருமுறை, அந்தச் சுவரிலிருந்து ஒருமுறை. வெயில் விழுகிற பக்கத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டாள். கோடு அவர் நாற்காலியின் முன்கால் வரை வந்தது.

"பாதின்னா எந்தப் பாதி கல்பகம்?" என்றார் புருஷோத்தமன், நாற்காலியை இறுகப் பிடித்துக்கொண்டு. "ஜன்னல் பக்கமா? அப்படி நான் சொல்லலையே?"

அவள் டேப்பைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டு, மிஷினை இழுத்துவரப் படுக்கையறைக்குப் போனாள்.