நெல்டா ஸ்ட்ரவுட் கேட்ட நாற்பது கஜம்

அமெரிக்காவில் எங்கள் ஓசார்க் மலைப்பக்கத்தில் யாரையாவது அடக்கம் செய்யப் போகும்போது வீட்டைப் பூட்டிவிட்டு மொத்தமாகக் கிளம்ப மாட்டோம். செத்தவர் பெயரோடு தேவாலயமும் நேரமும் பேப்பரில் வந்துவிடும். திருடனுக்கு வேறென்ன வேண்டும்? அதனால் அக்கம்பக்கத்து ஆள் ஒருவரை வீட்டில் காவலுக்கு உட்கார வைத்துவிட்டுப் போவோம். நெல்டா தன் கணவன் ஆர்லோவைப் புதைக்கப் போன அன்று உட்கார வைத்தது எதிர்வீட்டு ராய்ஸ் டாக்கெட்டை.

திரும்பி வந்தபோது வீடு துடைத்து வைத்ததுபோல் இருந்தது. ஆர்லோவின் மூன்று துப்பாக்கிகள், மரம் அறுக்கும் மோட்டார் ரம்பம், படுக்கையறை டிவி, நெல்டாவின் அம்மா போட்டிருந்த மோதிரம் எல்லாம் போயிருந்தன. ராய்ஸ் சோபாவில் கண்ணைக் கசக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அசந்து தூங்கிவிட்டானாம். துக்க வீட்டுக்கு ஊர் கொண்டுவந்து கொடுத்த பன்றித்தொடைக் கறியில் பாதி இல்லை. திருடியதைக்கூட ஒருநாள் மன்னித்துவிடலாம். ஆள் மண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருக்கும் நேரத்தில் அவன் வீட்டிலேயே உட்கார்ந்து தின்றவனை என்ன செய்வது?

நெல்டாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். முப்பத்தொரு வருஷம் பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாடு சமைத்தவள். நானும் அவள் கையால் தின்று வளர்ந்தவன்தான். கல்யாணமானவள் என்றாலும் அவளிடம் சாப்பிட்ட பிள்ளைகளுக்கெல்லாம் அவள் எப்போதும் மிஸ் நெல்டாதான். தட்டில் பீன்ஸை மிச்சம் வைத்தால் கரண்டியாலேயே மேசையைத் தட்டுவாள். காசில்லாத பிள்ளைக்கு யாருக்கும் தெரியாமல் இரண்டாம் தடவை போடுவாள். மனதில் ஒன்றை வைத்தால் வைத்ததுதான். இரவல் போன கண்ணாடிப் பாத்திரம் திரும்பி வரவில்லை என்று சொந்த நாத்தனாரோடு பதினொரு வருஷம் பேசாமல் இருந்தவள். பாத்திரத்துக்கே அப்படி என்றால் ராய்ஸுக்கு எப்படி இருக்கும் என்று அவன் யோசித்திருக்க வேண்டும்.

ஷெரீப் ஆபீஸிலிருந்து வந்தவர் எழுதிக்கொண்டு போனார். சாட்சி இல்லை, ரம்பத்தில் பொறித்திருக்கும் நம்பரை நெல்டா எங்கேயும் குறித்து வைக்கவில்லை, ராய்ஸ் சத்தியம் செய்கிறான். அவ்வளவுதான். அடுத்த வாரமே எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு ரம்பம் மூன்று முறை திணறி நாலாவதில் கிளம்பும் சத்தம் காலையில் கேட்க ஆரம்பித்தது. நாற்பது வருஷம் அந்தத் திணறலைக் கேட்டு எழுந்தவளுக்கு அது யாருடைய ரம்பம் என்று தெரியாதா?

மே மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை என் கடைக்கு வந்தாள். நான் இருபத்தாறு வருஷமாகத் துப்பாக்கி விற்கிறவன். சர்ச்சுக்குப் போடும் நீலக் கவுனில் வந்திருந்தாள்.

"வீட்டுக் காவலுக்கு ஒண்ணு வேணும் வெர்லின். தானா அடுத்த தோட்டா ஏறணும். பம்ப் பண்ற வேலையெல்லாம் என் தோளுக்கு ஆகாது."

"நல்லது மிஸ் நெல்டா. இருபது போர் குழல் வச்சதை எடுங்க. உதை கம்மி, எடையும் கம்மி. குழலும் குட்டை. கதவு, மூலை எல்லாம் சுலபமாத் திரும்பும்."

எடுத்து நீட்டினேன். தோளில் வைத்துப் பார்த்தாள். கச்சிதமாகப் பொருந்தியது. எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. அதைக் கீழே வைத்துவிட்டு, சுவரில் வான்கோழி வேட்டைக்காக நான் மாட்டியிருந்த நீளக் குழல் துப்பாக்கியைக் காட்டினாள்.

"அது?"

"அது காட்டுக்கு. உங்களுக்கு எதுக்கு?"

"அது நுனியில இறுக்கமான சோக் ஒண்ணு திருகுவாங்களே, குண்டு சிதறாமப் போறதுக்கு. அதப் போட்டா நாப்பது கஜத்துல எவ்வளவு பரவும்? ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்குள்ள நிக்குமா?"

அதை எடுக்கப் போன கையை இழுத்துக்கொண்டேன். ஆர்லோவுக்கு ஒத்தாசையாக அந்த வீட்டு நடைக்குக் கார்ப்பெட் போட்டவன் நான். கதவிலிருந்து படுக்கையறைவரை பதினொரு அடி. நாற்பது கஜம் அந்த வீட்டுக்குள் எங்கேயும் கிடையாது. அவள் வாசலிலிருந்து ரோட்டைத் தாண்டினால் மட்டும்தான் இருக்கிறது. அந்தப் பக்கம் முடிவில் நிற்பது ராய்ஸ் வீட்டுக் கதவு.

"மிஸ் நெல்டா, உங்க வீட்டுக்குள்ள பூந்தவனச் சுட நாப்பது கஜம் தேவையே இல்ல."

"பூந்தவன் வெளிய போயிட்டான் வெர்லின். அதுதான் பிரச்சினை."

"இதை நான் விக்க முடியாது."

அவள் கோபப்படவில்லை. முதலில் வைத்த குட்டைத் துப்பாக்கியை மறுபடி கையில் எடுத்தாள். "சரி, இதையே குடு. நாப்பது கஜம் நடக்கக் கால் இருக்கு எனக்கு."

நான் அதையும் வாங்கி உள்ளே வைத்துப் பூட்டினேன். துப்பாக்கி வாங்குகிறவர்கள் எழுதித் தரும் படிவத்தை எடுக்கவில்லை, அரசாங்கத்துக்குப் போன் செய்து அவளைப் பற்றி விசாரிக்கவும் இல்லை. விற்பதும் விற்காததும் என் இஷ்டம்.

"உனக்கு சோறு போட்ட கைடா இது," என்றாள் அப்போதுதான்.

"அந்தக் கை ஜெயில்ல கைதிங்களுக்குச் சமைக்க வேண்டாம்னுதான் சொல்றேன்."

"ஆர்லோ இல்லாத வீட்ல நான் என்ன சுகப்பட்டுக்கிட்டா இருக்கேன்? ஜெயில்ல அந்த ரம்பச் சத்தமாவது கேக்காது."

அவள் காரை எடுத்துக்கொண்டு போனதும் மாவட்டத்தில் இருக்கும் மற்ற மூன்று துப்பாக்கிக் கடைக்கும் போன் போட்டு, அவளுக்கு விற்க வேண்டாம் என்றேன். நெடுஞ்சாலையில் கார் ஓட்டும் பழக்கம் அவளுக்கு இல்லை. அதற்கு மேல் தேடிப் போக மாட்டாள் என்று கணக்குப் போட்டேன், அப்படியே ஆயிற்று. நான் விற்க மறுத்ததை மட்டும் ஊர் முழுக்கச் சொன்னாள்.

ஆகஸ்ட் கடைசியில், புறா வேட்டை ஆரம்பிக்க நாலு நாள் இருக்கும்போது, ராய்ஸ் கடைக்குள் வந்தான். இரண்டு பெட்டி தோட்டாவை மேசைமேல் வைத்துவிட்டுப் பல்லைக் காட்டினான்.

"என் உசுரக் காப்பாத்தினீங்களாமே வெர்லின். ரொம்ப நன்றி."

"உன் உசுரா? நீ செத்தா உன் பெட்டியத் தூக்கக்கூட வரமாட்டேன்டா. அவ உன்னால கெட்டுப் போகக்கூடாதுன்னு பாத்தேன்."

"எதுக்காக இருந்தா என்ன, நான் நல்லாத்தானே இருக்கேன்."

தோட்டாவைப் பிடுங்கிக்கொண்டு வெளியே போகச் சொன்னேன். சிரித்துக்கொண்டேதான் போனான்.

மறுநாள் தபால் ஆபீஸ் வாசலில் நெல்டாவைப் பார்த்தேன். அவனைத் துரத்திவிட்டதைச் சொன்னால் கொஞ்சம் மனசு இளகுவாள் என்று நினைத்தேன், முட்டாள். முழுவதையும் கேட்டாள். கையிலிருந்த கடிதங்களைப் பைக்குள் வைத்தாள்.

"தோட்டா குடுக்கலைன்னா புறாதான் பொழைக்கும் வெர்லின். அவன் விடுற ஒவ்வொரு மூச்சும் நீ குடுத்தது. அத நீயே வச்சுக்க."

வேறு யாராவது இதைச் சொல்லியிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை கேட்டிருப்பேன். அவளுக்குக் கார்க் கதவைத் திறந்துவிட்டேன். அவன் செத்திருக்கலாமே என்று முந்தின நாள் முழுக்க நானும்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.