தையல் தெரிந்த ராட்சதன்

தாராவியில் தோல்பைப் பட்டறை நடத்திவந்த கலீலுல்லா, 1986ஆம் ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் ராட்சதனாகப் பிறந்தார். அதுவரை நாற்பத்தொரு ஆண்டுகள் மனிதராக இருந்தவர். பெரிய புகார் எதுவும் இல்லை.

பிறந்த இடம் பம்பாய் மாதுங்காவில் ஜகந்நாதன் வீடு. வங்கிக் குமாஸ்தாவான அவருக்கு அமெரிக்கா போன மைத்துனன் ஒரு விளையாட்டுப் புத்தகம் அனுப்பியிருந்தான். ஆளுக்கொரு பாத்திரமாக மாறி, பகடை உருட்டி, இல்லாத காட்டில் அலைய வேண்டும். புத்தகத்தை வைத்துக்கொண்டு காட்டையும் அதன் ஆபத்துகளையும் நடத்துபவர் ஜகந்நாதன். மூன்றாவது ஆள் கிடைக்காமல் ஒரு மாதமாக ஆட்டம் நின்றிருந்தது. பகடைக்குத் தோல்பை தைத்துக் கொண்டுவந்த கலீலுல்லாவைப் பிடித்து உட்கார்த்திவிட்டார்கள்.

ஜகந்நாதனின் மனைவி ஷ்யாமளா ஏற்கெனவே வனதேவதை. கலீலுல்லா ராட்சதன் வேடம் கேட்டார். அவன் தையற்காரர் வீட்டில் வளர்ந்தவன், நுணுக்கமாகத் தைப்பான் என்றும் எழுதச் சொன்னார்.

"முடியாது பாய். ராட்சதன்னா பலம் ஜாஸ்தி, கைவேலை பூஜ்யம். புஸ்தகத்துல போட்டிருக்கு," என்றார் ஜகந்நாதன்.

"அந்தப் புஸ்தகம் என் ராட்சதனப் பாத்திருக்கா வே?"

"இனத்துக்குன்னு ஒரு குணம் உண்டோல்லியோ?"

"ரயில்ல உம்மையும் என்னையும் மதராசிங்கான். நான் மேலப்பாளையம், நீரு பாலக்காடு. மதராஸ ரெண்டு பேரும் பாத்திருக்கமா?"

ஜகந்நாதன் அசையவில்லை. தைக்கத் தெரியாத ராட்சதனாக வாழ்வதைவிடத் தாராவிக்குத் திரும்புவதே கௌரவம் என்று கலீலுல்லா செருப்பைத் தேடினார்.

"ஏன்னா," என்றாள் ஷ்யாமளா, "மதராசின்னா டைப்பிங் பிரமாதமா வரும்னு உங்க மேனேஜர் முதல் நாளே மெஷின் முன்னாடி உட்கார வெச்சார். எட்டு வருஷமா ஒத்தை விரலால தட்டிண்டிருக்கேள். அவர்கிட்டயும் இப்படி ஒரு புஸ்தகம் இருந்திருக்கும்."

ஜகந்நாதன் உயர்நீதிமன்ற நீதிபதியைப் போலக் கண்ணாடியைத் துடைத்தார்.

"சரி, தையல் உண்டு. ஆனா கை முறம் சைஸ்தான். சாதா ஊசி பிடிக்க வராது."

"நியாயம்," என்று உட்கார்ந்தார் கலீலுல்லா.

முதல் ஆட்டத்திலேயே காட்டாறு குறுக்கிட்டது. படகில்லை. பின்னால் ஓநாய்கள். கரையில் ஒரு காட்டெருமை செத்துக் கிடந்தது. வனதேவதை பாடிப் பார்த்தாள், ஆறு ரசிக்கவில்லை.

"தோல உரிச்சுப் படகு தைக்கேன்," என்றார் கலீலுல்லா.

"ஊசி?"

"உம்ம புஸ்தகமே ராட்சதன் கையில ஈட்டி குடுத்திருக்குல்லா! எருமத்தோல்ல அதை எறக்க ராட்சதன் பலம் வேணும். தண்ணி ஒழுகாமத் தைக்கத் தையக்கார வீட்டு வளப்பு வேணும். ரெண்டும் இவன்ட்ட இருக்கு. உருட்டும்வே பகடைய!"

இருபது முகப் பகடையில் பத்துக்கு மேல் விழ வேண்டும். பதினேழு விழுந்தது. ஓநாய்களின் கட்சியில் இருக்க வேண்டிய ஜகந்நாதன், "ஏறுங்கோ பாய், ஏறுங்கோ!" என்று நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார்.

அக்கரை சேர்ந்ததும் பென்சிலை எடுத்து, புத்தகத்தில் ராட்சதன் பக்கத்து ஓரத்தில் அவரே எழுதினார்: "கைவேலை: ஆளைக் கேட்டு நிரப்பவும்."