யாருடையதும் அல்லாத மலை

குன்னூருக்குப் பக்கத்தில், ராணுவ அதிகாரிகள் படிக்கும் இடத்தில், வடிவேலுக்குப் பயிற்சிக்காக மணலில் மாதிரி மலை செய்யும் வேலை. சாயம் ஏற்றிய மரத்தூள் தேயிலை, பஞ்சு மூடுபனி, கட்டைத் துண்டு வீடு. இருபத்திரண்டு வருஷமாக அதுதான் பிழைப்பு.

இந்த முறை அக்கம்பக்கத்து நாட்டு அதிகாரிகள் கூடியிருந்தார்கள். ஆபத்து வந்தால் வல்லரசுகளின் வாயைப் பார்க்காமல் ஒருவருக்கொருவர் எப்படிக் கைகொடுப்பது என்று ஒத்திகை.

"வடிவேலண்ணா, எந்த நாட்டு மலையாவும் இது இருக்கக் கூடாதுங்க," என்றார் மேற்பார்வையாளர் எட்மண்ட். "எவராச்சும் 'இது எங்கூரு'ன்னா ஒத்துழைப்பெல்லாம் அம்போதான்!"

வடிவேல் கற்பனையாகத்தான் செய்தார். ஆனால் தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடுமே! ஆறு, கோயில் வளைவு, தொழிலாளர் குடியிருக்கும் எட்டுக் காம்பரா அறைகள் கொண்ட லயம் என்று இலங்கையில் அவர் பிறந்த தோட்டம் அப்படியே வந்து நின்றது. பதினோரு வயதில் விட்டு வந்த இடம். இரண்டு அரசாங்கம் கையெழுத்துப் போட்டுத் தோட்டத்து ஆளைப் பங்கு பிரித்ததில், வடிவேல் இந்தப் பக்கம், கட்டிக்கொடுத்த அக்கா அங்கம்மா அந்தப் பக்கம். பாவிகள், ஒரு வார்த்தை கேட்டார்களா? எண்பத்து மூன்று கலவரத்தோடு கடிதமும் நின்றது. அக்கா இருக்கிறாளா, இல்லையா? அது ஒன்றுதான் அவருக்குத் தெரிய வேண்டும்.

மறுநாள் காலை வந்து பார்த்தால் ஐந்தாம் காம்பரா மேல் மணல் சரிந்து கிடந்தது. அக்காவின் காம்பரா. மணல் மலை இருந்த கூடத்துச் சாவியோ இவர் மடியில். சரிசெய்தார். அடுத்த நாளும் அதே இடம். பசைத் தண்ணீர் ஊற்றி இறுக்கிக் காயவிட்டார். மூன்றாம் நாளும் சரிந்திருந்தது. தொட்டுப் பார்த்தார், உள்ளே மழை பெய்த மாதிரி ஈரம்.

ஒத்திகை முடிந்து எல்லாரும் கிளம்பினார்கள். இலங்கை மேஜர் மட்டும் நகரவில்லை.

"ஐயா, இந்த இடம் எப்படித் தெரியும்?" என்று தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டார். "ஒம்பது வருஷம் முன்ன மண் சரிஞ்சது. நான் ஆளுகளோட தோண்டப் போனது. எல்லாரும் கிடைச்சாங்க. அஞ்சாம் காம்பரா அம்மா மட்டும் கிடைக்கல்ல."

"பேருங்க?"

"அங்கம்மா." மேஜர் தொப்பியைக் கழற்றினார்.

ஒத்திகை முடிந்ததும் மலையைக் கலைத்துவிட வேண்டும் என்பது அங்கே விதி. எட்மண்ட் மண்வெட்டியை நீட்டினார். வடிவேல் அதை வாங்காமல், மண்டியிட்டு, ஐந்தாம் காம்பரா மணலை விரலால் அள்ளத் தொடங்கினார்.

"வேண்டாமுங்க," என்றார். "அக்கா மேல பட்டுரும்."