தீர்த்தம் பட்ட மைக்

அந்த மைக்கை இன்னும் வைத்திருக்கிறேன். உள்ளங்கை அகலத்தில் ஒரு வட்டத் தகரம். காதருகே ஆட்டினால் உள்ளே கரித்துகள்கள் சலசலக்கும். அவை உலர்ந்து உதிரியாக இருந்தால்தான் குரல் தெளிவாகக் கேட்கும். அன்றைக்கு ஒருமுறை ஆட்டிப் பார்த்திருந்தால் போதும். பார்க்கவில்லையே, பாவி!

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதுகளின் கடைசி. அரியலூரில் மைக்கும் குழாய் ஒலிபெருக்கியுமாக மைக் செட் வைத்து, கல்யாணம், திருவிழா என்று வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தேன். எங்கள் ஊர் மாதா கோயிலில், தபசு காலத்தில் இயேசுவின் பாடுகளை நடித்துக்காட்டும் பாஸ்கா நாடகத்துக்கு முதன்முதலாக மைக் கட்டியது நான்தான். அதில் திரைக்குப் பின்னால் நின்று மாதாவின் புலம்பலைப் பாடுபவர் என் அண்ணி. ஏலாக்குறிச்சியிலிருந்து எங்கள் வீட்டுக்கு வாழ வந்தவர். அவருடைய அப்பாவுக்குக் காது மந்தம். நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். மகள் பாட்டை அவர் கேட்டு வருஷக்கணக்காகியிருந்தது. "குழாய் வெச்சா அப்பாவுக்குக் கேக்குமா தம்பி?" என்று அண்ணி என்னைத் துளைத்தெடுத்துவிட்டார். "செத்தவனே எந்திரிச்சு வந்து கேப்பான், போங்க அண்ணி" என்று வாயடித்தேன். மாமாவை வண்டி கட்டி அழைத்து வந்து, குழாய்க்கு நேர் கீழே பாய் போட்டு உட்காரவைத்தோம்.

புதுச் சாமான் எது வந்தாலும் பங்குச் சாமியாரிடம் மந்திரித்துத்தான் எடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். நாடகம் தொடங்கும் முன் மைக்கை இரு கையிலும் ஏந்தி நின்றேன். சாமியார் தீர்த்தத்தை லேசாகத் தெளித்தார். எனக்குத் திருப்தி வரவில்லை. "இன்னும் கொஞ்சம் தாராளமா தெளிங்க சாமி" என்றேன்.

அண்ணி பாடத் தொடங்கியதும், பானைக்குள் தலையை விட்டுப் பேசுகிற மாதிரி குழாயிலிருந்து ஒரு முனகல்தான் வந்தது. ஒரு சொல்கூடப் பிரியவில்லை. பாட்டரியைப் பார்த்தேன், ஒயரைச் சுரண்டி முறுக்கினேன், குழாயைத் திருப்பினேன். மைக்கை மட்டும் தொடவில்லை. மந்திரித்த சாமானில் குறை இருக்கும் என்று எவனுக்குத் தோன்றும்? கடைசியில், புத்தி கெட்டவன், திரைக்குப் பின்னால் போய், "குரல் கம்முது அண்ணி, ஒசத்திப் பாடுங்க" என்றேன். அவர் என்னை நம்பினார். நரம்பு புடைக்கக் கத்திப் பாடி, பாதியிலேயே தொண்டை உடைந்து நின்றுவிட்டார்.

மறுநாள் மைக்கைத் திறந்தேன். கரித்துகளெல்லாம் நனைந்து அடைபோல ஒட்டிக் கிடந்தன. அப்படியே கொண்டுபோய் அண்ணியிடம் காட்டினேன்.

"தீர்த்தந்தானே தம்பி, அதப் போயி யாரு குத்தம் சொல்றது? அப்பாவுக்கு நல்லா கேட்டுச்சாம். விடுங்க."

மாமா பொய் சொல்லியிருக்கிறார். அண்ணிக்கும் அது தெரியும். அந்த வருஷ மழைக்காலத்திலேயே மாமா போய்ச் சேர்ந்தார். அதற்கப்புறம் அண்ணி நாலு பேர் நடுவில் பாடவே இல்லை. என்னை ஒரு வார்த்தை திட்டியிருந்தாலாவது மனசு ஆறியிருக்கும்.

இப்போது அண்ணிக்கும் அப்பாவைப் போலவே காது போய்விட்டது. இந்த வருஷப் பாஸ்காவுக்கு நான்தான் கைபிடித்துக் கூட்டிப்போனேன். மைதானமெங்கும் ஆளுயர ஸ்பீக்கர் பெட்டிகள். மேடையில் ஒருவர் மைக்கைக் கையில் எடுத்தார். அண்ணி என் பக்கம் திரும்பி முழங்கையைத் தொட்டார்.

"தெளிவா கேக்குது தம்பி. ஒவ்வொரு சொல்லும் கேக்குது."

அந்த மனிதர் இன்னும் வாயே திறக்கவில்லை. மைக்கை விரலால் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.