பட்டியலில் விட்ட ஒரு சொல்

பெருநாளுக்கு முந்தின நாள் பிற்பகல். ஸுவைனா குளித்துவிட்டு வந்தபோது, தொட்டிலில் கிடந்த இளைய மகன் மாசினின் பாதங்கள் இரண்டும் துணியால் சுற்றப்பட்டிருந்தன. அவிழ்த்துப் பார்த்தாள். மருதாணி.

"என்னடி, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறே? என் பேரனுக்குப் பெருநாள் வேணாமா?" என்றாள் மாமியார் நஸ்ரா.

மாசின் பிறந்தபோது ஓமானின் நிஸ்வா நகர ஆஸ்பத்திரியில் குழந்தையின் ரத்தத்தைச் சோதித்த டாக்டர், ஸுவைனாவிடம் தனியாகத்தான் பேசியிருந்தார். சிவப்பணுக்கள் உடையாமல் காக்கும் நொதி ஒன்று இவனுக்குக் குறைவு. அதைச் செய்யச் சொல்லும் மரபணுவில் பிழை. தாய் வழியாக மகனுக்கு வருவது. கூடாதவற்றின் பட்டியலையும் சொன்னார். பச்சை ஃபாவா அவரைக்கொட்டை, பாச்சை உருண்டை, சில மாத்திரைகள், மருதாணி.

கடைசிச் சொல்லை அவள் மறுபடி கேட்டு உறுதி செய்துகொண்டாள். மூத்தவன் பிறந்த ஏழாம் நாள் அவன் உள்ளங்காலில் மருதாணி வைத்தவள் அவள்தான். பிள்ளை மஞ்சளாகிச் சோர்ந்தான். கண்ணேறு என்று வயிற்றில் சூடு போட்டார்கள். மருதாணி வைத்த நான்காம் நாள் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனபோது உயிர் இல்லை. 'இவ ரத்தம்தான் தின்னுடுச்சு' என்று நஸ்ரா அப்போதே ஊரெல்லாம் சொன்னாள். ஸுவைனா கடையில் பொறுக்கி வாங்கிய சரக்கா அந்த மரபணு? அவளுக்கும் யாரோ கேட்காமல் கொடுத்ததுதானே! ஆனாலும் பழிக்கு அஞ்சி, வீட்டில் மற்றதையெல்லாம் சொன்னவள் மருதாணியை மட்டும் விழுங்கிவிட்டாள்.

"மாமி, மருதாணியும் கூடாதாம். நான்தான் சொல்லாம விட்டேன்."

"ஏண்டி விட்டே?"

"மூத்தவனுக்கு வெச்சது என் கைதானே, மாமி."

நஸ்ரா ஈரத்துணியை எடுத்துப் பேரனின் பாதங்களைத் துடைக்கத் தொடங்கினாள். "வெச்சது நீ. அரைச்சுக் குழைச்சுக் கொடுத்தது யாருடி?" பிறகு வாசலைப் பார்த்து மகனைக் கூவினாள். "டேய் கல்ஃபான்! ஆட்டை விட்டுட்டு வண்டிய எடுடா!"

ஆஸ்பத்திரியில் மாமியாரும் மருமகளும் குழந்தை நனைத்த ஒவ்வொரு துணியையும், சிறுநீர் கறுக்கிறதா என்று சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்கள். பெருநாள் கழிந்தது, சிறுநீர் தெளிவாகவே இருந்தது. மறுநாள் காலை கறுப்புத் தேநீர் நிறத்தில் இறங்கியது. ஸுவைனா நர்ஸைக் கூப்பிட ஓடினாள். இந்த முறை ஏற்றுவதற்கு ரத்தம் தயாராக இருந்தது. நான்கு நாள் கழித்து மாசின் பசித்து அழுதான்.

இப்போது அவள் மறுபடி கருவுற்றிருக்கிறாள். மகனென்றால் இந்தக் குறை வரப் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்றார் டாக்டர். பயம் போகவில்லை. ஆனால் டாக்டர் அறைக்கு வெளியே உட்கார்ந்திருந்த நஸ்ராவை அவளே உள்ளே கூப்பிட்டு, "பட்டியலை மாமி கேக்கும்படி சொல்லுங்க டாக்டர். ஒண்ணையும் விடாதீங்க" என்றாள்.