தகரப் பட்டை

எங்கள் ஏரிக்கரையில் நோலா பிரிட்டனோடு கைகுலுக்க யாரும் கை நீட்டுவதில்லை. மீன்பிடிக் குடில்களின் மலத்தொட்டிகளை உறிஞ்சும் லாரி அவளுடையது. ஐம்பத்தெட்டு வயது, முப்பது வருடமாக அதே வேலை. அதில் அவளுக்கு அருவருப்பு கிடையாது.

"அது பாட்டுக்கு நாறுது. வாசனைன்னு யாரும் அதுக்கு போர்டு வைக்கலயே" என்பாள்.

லாரி போகும் வழியில், உறைபனி தேங்கும் பள்ளத்தில், ஒரு சைடர் மரம். தைலமரங்களில் இது தனி இனம். பட்டையைக் கீறினால் இனிப்புச் சாறு வடிந்து கள்ளாகப் புளிக்கும். டாஸ்மேனியாவின் இந்த மேட்டுநிலத்தை விட்டால் வேறெங்கும் இல்லை. வறட்சியில் மற்றவையெல்லாம் பட்டுப்போய் வெள்ளையாக நிற்கின்றன. பள்ளத்தில் உயிரோடு மிஞ்சிய அந்த ஒன்று, ஏழு வருடம் கழித்துக் காய் பிடித்திருந்தது. பிப்ரவரியில் முற்றும். அந்த விதையில் கன்று போட வேண்டும், அவ்வளவுதான் நோலாவின் ஆசை.

போசம் தின்றுவிடாமல் இருக்க வேண்டும். பூனை அளவுள்ள இலைதின்னி அது. அடிமரத்தில் அகலமாகத் தகரப் பட்டை சுற்றினால் வழுக்கி விழும், ஏறாது. ஆனால் அது மேலே இல்லையென்று தெரிந்த பிறகே சுற்ற வேண்டும். நோலா மாலையில் மரத்தடியில் கோதுமை மாவு தூவுவாள். காலையில் வந்து தடம் பார்ப்பாள்.

மரப் பாதுகாப்பு அதிகாரி டேரன் ஸ்கிலேட்டரிடம் சொன்னாள்: "மூணு நாள் பொறுப்பா. மேல பொந்துல ஒண்ணு குடியிருக்கு. இறங்கிப் போனா திரும்பி வந்துடுது."

"வெள்ளிக்கிழமை அமைச்சர் வர்றாங்க. உன் மாவு ஜோசியத்துக்காக அவங்களை நிக்கவைக்க முடியுமா?"

"அப்ப அவங்களையே ஏறிப் பாக்கச் சொல்லு."

டேரன் சிரித்தார். "இன்னொண்ணு நோலா. அன்னைக்கு உன் லாரியைக் கொஞ்சம் தள்ளி நிறுத்திக்க. போட்டோல விழும்."

வெள்ளிக்கிழமை அமைச்சர் புது பூட்ஸோடு வந்து, மரத்தில் சுற்றிய தகரத்தின் கடைசித் திருகை முடுக்கினார். எல்லோரும் கைதட்டினோம். சாஸேஜ் சுட்டுக் கொடுத்தது நான்தான். யாரும் மேலே பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை.

பன்னிரண்டு நாள் கழித்து, என் கார் பழுதானதால் நோலாவின் லாரியில் போனேன். பள்ளத்தருகே பிரேக்கை மிதித்தாள். மரம் மொட்டையாக நின்றது. தகரத்தின் மேல் விளிம்பில் புழுக்கை குவிந்திருந்தது. கீழே பாதி கடித்த பச்சைக் காய்கள். உச்சிப் பொந்திலிருந்து கொழுத்த முகம் ஒன்று எட்டிப் பார்த்தது. இறங்க வழியில்லாமல் பன்னிரண்டு நாளும் அதே மரத்தைத் தின்றிருக்கிறது. பக்கத்தில் புதுப் பலகை: 'இம்மரம் பாதுகாக்கப்படுகிறது.' அதில் அமைச்சர் சிரித்துக்கொண்டிருந்தார்.

நோலா காறித் துப்பினாள். தகரத்தைக் கழற்றினாள். மூன்று நாள் மாவு தூவி, போசம் போய்த் திரும்பாததைப் பார்த்து, மறுபடி சுற்றினாள். போசத்தின் கனம் தாங்காத ஒரு நுனிக் குச்சியில் மட்டும் பதினொரு காய் தப்பியிருந்தது.

பிப்ரவரியில் அவற்றைப் பறித்துக் காகித உறையில் போட்டாள். தகவல் தெரிந்து டேரன் புகைப்படக்காரரோடு வந்துவிட்டார்.

"பிரமாதம் நோலா! விதையை நீ என் கையில குடுக்குற மாதிரி ஒரு படம்." கையை நீட்டினார்.

நோலா அந்தக் கையையே பார்த்தாள். மலத்தொட்டிக்குள் முப்பது வருடம் பார்த்தவளின் முகம் அப்படிச் சுளித்து நான் கண்டதில்லை.

"முதல்ல போய்க் கையைக் கழுவு. லாரிக்குப் பின்னால குழாய் இருக்கு."

சிரித்தபடி போய்க் கழுவிவிட்டு வந்தார்.

"சோப்புப் போட்டு" என்றாள்.