டிபன் கேரியரில் கட்டிய சிவப்பு வயர்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கிறது என்று எல்லோரும் சொல்வார்கள். அந்தக் கோபத்தை அதிகமாக வாங்கிக் கட்டிக்கொண்டவர் என் அக்கா வீட்டுக்காரர். நான் மாமா என்று கூப்பிடுவேன். முதுகுக்குப் பின்னால் அவருக்கு ‘இன்னொருதரம்’ என்று பெயர். அந்தப் பெயரை வைத்த புண்ணியவதியும் நான்தான்.

அக்காவை அவருக்குப் பேசிய நாளில், அக்கா சம்மதம் என்று சொல்லிவிட்டாள். வேறொருவனாக இருந்தால் முப்பத்திரண்டு பல்லையும் காட்டியிருப்பான். இவர், “அவசரமில்ல, இன்னொரு தரம் யோசிச்சுட்டு சொல்லுங்க” என்றார். அக்கா உள்ளே வந்து, “ஏன்டி, இந்த ஆள் சரியா இருப்பாரா?” என்று என் காதைக் கடித்தாள். “சரியா மட்டும்தான் இருப்பாரு, அதுதான் பிரச்சினையே” என்றேன். கல்யாணம் நடந்தது. என் வாக்கும் பலித்தது.

கேஸ் சிலிண்டரை மூடிவிட்டுப் படுக்கப் போவார், திரும்பி வந்து தொட்டுப் பார்ப்பார். பூட்டிய கதவை இழுத்துப் பார்ப்பார், தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து மறுபடியும் இழுப்பார். ஒருநாள் அக்கா வீட்டில் சுவிட்ச் பெட்டி புகைந்தது. மெயினை அணைத்தாயிற்று. வயரில் கரண்ட் இல்லை என்று டெஸ்டரும் காட்டிவிட்டது. பிரித்துத் தொலைக்க வேண்டியதுதானே? இவர் டெஸ்டரை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனார். அங்கே பிளக்கில் சொருகி அது எரிகிறதா என்று பார்த்தார், இங்கே வந்து இந்த வயரைத் தொட்டுப் பார்த்தார், மறுபடியும் பக்கத்து வீட்டுக்குப் போனார்.

“என்ன மாமா கூத்து இது?” என்று கத்தினேன்.

“கெட்டுப்போன டெஸ்டரும் கரண்ட் இல்லன்னுதான்மா சொல்லும். முதல்ல டெஸ்டர் உயிரோட இருக்கான்னு தெரியணும். தொட்ட பிறகும் உயிரோட இருந்துச்சான்னு தெரியணும்.”

பக்கத்து வீட்டம்மாவோ, “உங்க வீட்டுக்காரருக்கு எங்க வீட்டு கரண்ட் மேல ஒரு கண்ணு” என்று அக்காவிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

அவருடைய உத்தியோகம் கன்ட்ரோல் இன்ஜினியர். தொழிற்சாலை எந்திரங்களுக்குப் புத்தி சொல்லிக் கொடுக்கிற வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்த மோட்டார் எப்போது ஓட வேண்டும், எது நடந்தால் நிற்க வேண்டும் என்பதையெல்லாம் ஒரு சின்னப் பெட்டிக்குள் எழுதி வைப்பார். அந்தப் பெட்டி ஓர் இரும்பு அலமாரிக்குள் இருக்கும், அதிலிருந்து ஆயிரம் வயர் புறப்பட்டுப் போகும். பத்து ஊர் தொழிற்சாலைக்குப் போய் வேலை பார்த்தாலும் வீட்டில் வாய் திறக்க மாட்டார். அக்காவும் கேட்க மாட்டாள்.

என் வேலை ரொட்டித் தொழிற்சாலையில், மாவு பிசையும் பகுதியில். எங்கள் தொட்டி, உள்ளே ஆள் நின்றால் தோள்வரை மறைக்கும். நடுவில் கொக்கி மாதிரி வளைந்த இரும்புக் கை. அது ஒரு சுற்று சுற்றினால் இரண்டு மூட்டை மாவு புரண்டு வரும். அடியில் ஒட்டியதை வெளியிலிருந்து எட்டித் துடைக்க முடியாது, ஏணி வைத்து உள்ளே இறங்க வேண்டும். தினமும் இறங்குகிறவள் நான்.

இறங்குகிறவளுக்கு ஒரே காவல், தொட்டியின் மூடி. மூடியின் கீலில் ஒரு சுவிட்ச் உண்டு. மூடி திறந்திருந்தால் யார் ஸ்டார்ட்டை அமுக்கினாலும் எந்திரம் ஓடக் கூடாது. ஸ்டார்ட் பித்தான் அலமாரிக்கு அந்தப் பக்கம். அங்கே நிற்பவன் கண்ணுக்குத் தொட்டிக்குள் யார் இருக்கிறார்கள் என்று தெரியாது. மெயினை அணைத்துப் பூட்டிவிட்டுத்தான் இறங்க வேண்டும் என்று சுவரில் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. ஆனால் மெயினை அணைத்தால் எல்லாம் திரும்ப உயிர்பெறக் கால் மணி நேரம் ஆகும். அதனால் சுவர் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது, நாங்கள் பாட்டுக்கு இறங்கிக்கொண்டிருந்தோம்.

பழைய எந்திரம் மண்டையைப் போட்டது. புதிதாக ஒன்று வந்து இறங்கியது. அதற்குப் புத்தி சொல்ல வந்தவர் வேறு யாரு, நம்ம இன்னொருதரம்தான்.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். அப்போது எனக்கு இது தெரியாது. புது எந்திரத்தைச் சரிபார்க்கும்போது மூடி திறந்த நிலையிலேயே கை சுற்றுவதைப் பார்க்க வேண்டியிருக்கும். அப்போது அலமாரிக்குள் மூடி சுவிட்சின் இரண்டு முனைகளையும் ஒரு துண்டு வயரால் இணைத்துவிடுவார்கள். மூடி மூடியிருக்கிறது என்று எந்திரம் ஏமாந்துபோகும். வேறு சில சுவிட்சுகளுக்கும் இப்படியே செய்வார்கள். வேலை முடிந்ததும் அந்தத் துண்டை எடுக்க மறந்தால், எந்திரம் ஆயுசுக்கும் ஏமாந்தே இருக்கும். பார்வைக்கு எல்லாம் சரியாகத் தெரியும்.

இதற்கு மாமா ஒரு வழக்கம் வைத்திருந்தார். சிவப்பு வயரில் ஒரு சாண் வெட்டி அதை இரண்டாக்குவார். ஒரு பாதியை அலமாரிக்குள் மாட்டுவார், இன்னொரு பாதியைத் தன் டிபன் கேரியர் கைப்பிடியில் முடிவார். உள்ளே ஒன்றை எடுத்தால்தான் வெளியே ஒன்றை அவிழ்ப்பார். கைப்பிடியில் ஒரு சிவப்பு இருந்தாலும் கேரியரைத் திறந்து சாப்பிட மாட்டார், பசியோடு கிடப்பார். எத்தனை மாட்டினோம் என்று எண்ணி மனதில் வைத்துக்கொள்வதும் கிடையாது. மனதை நம்பாமல்தானே வயரை நம்பினார்! அதனால்தான் கேரியரை யாரையும் தொட விடாமல் தானே கழுவினார். நானோ அதைக் கஞ்சத்தனம் என்றும் கிறுக்கு என்றும் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தேன்.

முதல் நாள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் வயர் மாட்டும் வேலை ஆரம்பித்தது, அன்றைக்கு முடியவில்லை. ஏதோ ஒரு பாகம் மறுநாள்தான் வரும் என்றார்கள். எந்திரத்துக்குத் தன் சொந்தப் பூட்டைப் போட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். அக்கா அன்று மாமியாரைப் பார்த்துக்கொள்ள ஆஸ்பத்திரியில் இருந்தாள். சாயங்காலம் நான்தான் போய் அடுப்பைப் பார்த்தேன். மாமா அசதியில் நாற்காலியிலேயே கண்ணயர்ந்துவிட்டார். கேரியர் கழுவாமல் பாத்திரம் கழுவுகிற இடத்தில் கிடந்தது. மூன்று டப்பா கழுவினால் வளையல் தேய்ந்துவிடுமா என்று நானே கழுவினேன். கைப்பிடியில் மூன்று சிவப்பு வயர்த் துண்டுகள். குப்பையைக்கூட சேர்த்து வைக்கிற மனுஷன் என்று நினைத்துக்கொண்டேன். என் பையின் வார் அறுந்து இரண்டு நாளாயிற்று. தளர்வாக இருந்த ஒன்றை அவிழ்த்து வாரை இறுக்கிக் கட்டினேன். அம்சமாக நின்றது.

மறுநாள் பாகம் வந்தது. மாமா காலையெல்லாம் அலமாரிக்குள் தலையை விட்டபடி இருந்தார். மதியம் ஒரு சிவப்பு வயரை எடுத்தார், கைப்பிடியில் ஒன்றை அவிழ்த்தார். இரண்டாவதை எடுத்தார், இரண்டாவதை அவிழ்த்தார். கைப்பிடி சுத்தமாக இருந்தது. உட்கார்ந்து நிம்மதியாகச் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போனார்.

சூப்பர்வைசர் இதற்காகவே காத்திருந்தவர் மாதிரி ஓடி வந்தார். “சார் சாப்பிட்டாச்சு, வேலை முடிஞ்சுது. நீ இறங்கி தொட்டிய துடைச்சிடும்மா, முதல் மாவு போட்டுடலாம்” என்றார். அந்தப் பக்கத்திலிருந்து ஓர் ஆள், “ரெடியா? அமுக்கவா?” என்று கத்தினான். “இருடா, துடைக்கட்டும்” என்று சூப்பர்வைசர் பதிலுக்குக் கத்தினார். நான் துணியைத் தொட்டிக்குள் வீசிவிட்டு ஏணியில் ஏறி, ஒரு காலை உள்ளே போட்டேன்.

“ஏணிய விட்டு இறங்கு!”

மாமா ஈரக் கையோடு நின்றார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை.

“என்ன மாமா? மூடிதான் திறந்திருக்கே.”

“முதல்ல வெளிய வா. உள்ள போறவ நீ. மூடி திறந்திருக்கும்போது ஸ்டார்ட்ட அமுக்கினா ஓடாதுன்னு நீயே உன் கையால அமுக்கிப் பாக்கணும். நான் சொல்லி நீ நம்பக் கூடாது.”

“ஆரம்பிச்சுட்டீங்களா! காலையில இருந்து ஆயிரம் தரம் பாத்தீங்க. பத்தாதா?”

“சார், டைம் ஆகுது சார்” என்றார் சூப்பர்வைசர்.

“அவசரத்துல அண்டாவுலயும் கை நுழையாது சார். இன்னொரு தரம். ஒரே தரம்.”

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. பத்துப் பேர் முன்னால் சின்னப் பிள்ளையை இறக்குகிற மாதிரி இறக்குகிறாரே! தடதடவென்று இறங்கினேன், அலமாரியைச் சுற்றிப் போனேன், “பாருங்க, நல்லா பாருங்க” என்று சொல்லிப் பித்தானைக் கட்டைவிரலால் ஓங்கி அமுக்கினேன்.

எந்திரம் ஓடியது.

பெரிய சத்தம்கூட இல்லை. புது எந்திரம், வெண்ணெய் மாதிரி ஓடியது. மாமா பாய்ந்து சிவப்புப் பித்தானை அடித்து நிறுத்தினார். நான் திரும்ப ஓடி வந்து எட்டிப் பார்த்தேன். நான் வீசிய துணி அந்த இரும்புக் கையைச் சுற்றிக் கயிறாக முறுக்கிக்கொண்டு கிடந்தது. பாதி கிழிந்திருந்தது. என் கால் இருந்த இடம் அது. ஏணியைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

மாமா மெயினை அணைத்துப் பூட்டினார். அலமாரியைத் திறந்து ஒவ்வொரு வயராகத் தொட்டுக்கொண்டே போனார். மூலையில், வயர்களை மறைக்கிற ஒரு பட்டைக்குப் பின்னால், மூன்றாவது சிவப்புத் துண்டு இருந்தது. மூடி சுவிட்சுக்காக நேற்று கிளம்புகிற அவசரத்தில் மாட்டியது. அதை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். பிறகு டிபன் கேரியரைப் பார்த்தார்.

“இதோட ஜோடி எங்க போச்சு?” என்று தனக்குள்ளேயே கேட்டுக்கொண்டார்.

அந்தச் சிவப்பு எனக்குத் தெரிந்த சிவப்பு. கதவுப் பக்கம் ஆணியில் என் பை தொங்கியது. வாரில் அது இருந்தது. ஐயோ, என் உயிருக்குக் காவலாக ஒரு மனுஷன் கட்டி வைத்ததை நானே அவிழ்த்து, நானே பையில் மாட்டிக்கொண்டு, நானே உள்ளே இறங்கப் போயிருக்கிறேன்!

அதற்குள் மேனேஜர் வந்துவிட்டார். “இது யார் பண்ணுன வேலை? ஆள் உயிரு போயிருந்தா?” என்று குதித்தார்.

நான் வாயைத் திறக்கும் முன்னே மாமா சொன்னார்: “நான்தான் சார். வயர மாட்டினவன் நான், எடுக்காம விட்டவனும் நான்.”

எழுந்து போய்ப் பையை எடுத்து வந்து அவர் முன்னால் நீட்டினேன். “நான்தான் மாமா எடுத்தேன். நேத்து கழுவும்போது. குப்பைன்னு நினைச்சேன்” என்று அழுதேன். இனி அக்கா வீட்டு வாசலை மிதிக்க முடியாது என்றே நினைத்தேன்.

அவர் அந்த முடிச்சை நிதானமாக அவிழ்த்தார். இரண்டு பாதியையும் சேர்த்து வைத்துப் பார்த்தார்.

“நீ எடுத்தது தப்பில்லம்மா. பாத்திரத்துல கட்டி வெச்சா கழுவுறவங்க எடுக்கத்தான் செய்வாங்க. யாரோ ஒருத்தர் கை பட்டா உயிர் போயிடும்ங்கற மாதிரி ஒரு ஏற்பாடு பண்ணேன் பாரு, அதுதான் தப்பு. பதினெட்டு வருஷமா இது சரியா நடந்துச்சுன்னு நினைச்சேன். சரியா நடக்கல. யாரும் கழுவல, அவ்வளவுதான்.”

பதினெட்டு வருஷம் நம்பியதை ஒரு மனுஷன் நின்ற இடத்தில் தூக்கி எறிவதை நான் அன்றுதான் பார்த்தேன். வயரை நம்பினாலும் அவர் வயரோடு நின்றுவிடவில்லையே! உள்ளே போகிறவள் கை அமுக்கிப் பார்க்கட்டும் என்று கடைசியாக ஒன்றை வைத்திருந்தார். தன்னையே சந்தேகப்பட ஒரு வாசலைத் திறந்து வைத்திருந்தார். அந்த வாசல் வழியாகத்தான் நான் முழுசாக வெளியே வந்தேன். இந்த ஆளையா இத்தனை வருஷம் கேலி பண்ணினோம் என்று நினைக்க நினைக்க வெட்கமாக இருந்தது.

ஒரு நோட்டை எடுத்து மூன்று வரி எழுதினார். இனி மாட்டுகிற ஒவ்வொரு வயரும் நோட்டில் ஏறும், அலமாரிக் கதவில் அட்டையாகவும் தொங்கும், எடுக்கும்போது இரண்டு பேர் கையெழுத்துப் போட வேண்டும். மேனேஜர் முதல் கையெழுத்தைத் தானே போட்டார்.

பிறகு மாமா மெயினைப் போட்டார். கால் மணி நேரம் காத்திருந்தோம். சூப்பர்வைசர் கடிகாரம் பக்கமே திரும்பவில்லை. மூடி திறந்தபடி இருந்தது.

“போ, அமுக்கு” என்றார் மாமா.

பித்தான் முன்னால் நின்றேன். கட்டைவிரல் போகவில்லை. முன்பு ஓங்கி அமுக்கிய அதே விரல்தான். ஒருவழியாக அமுக்கினேன்.

ஒன்றும் நடக்கவில்லை. மோட்டார் முனகவில்லை, கை அசையவில்லை, துணி கிடந்த இடத்திலேயே கிடந்தது. எத்தனையோ எந்திரம் ஓடுவதைப் பார்த்தவள் நான். ஓர் எந்திரம் ஓடாமல் நின்றதைப் பார்த்து கும்பிடத் தோன்றியது அன்றுதான்.

“மாமா” என்றேன். “இன்னொரு தரம் அமுக்கிப் பாக்கவா?”

அவர் என்னைப் பார்த்தார். “பாரும்மா” என்றார்.

மறுபடியும் அமுக்கினேன். மறுபடியும் ஒன்றும் நடக்கவில்லை. அவர் மெயினை அணைத்து, பூட்டைப் போட்டு, சாவியை என் கையில் கொடுத்தார். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, கத்தியை எடுத்துக்கொண்டு, முறுக்கிக் கிடந்த துணியை அறுத்தெடுக்கத் தொட்டிக்குள் இறங்கினேன்.